பச்சையம்மாவின் பத்தியம்

ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சுப்பராயலு. நெல் விளைந்த நிலத்தில் நான்கு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற மனிதர். அந்தப் பிடிவாதம்தான் அவர் மனைவி பச்சையம்மாவை எழுந்திருக்க விடாமல் செய்தது என்று நான் சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதியில் எனக்கும் பங்கு உண்டு. நான் ரோஹிணி, மாடியில் குடியிருக்கும் பள்ளிக்கூட டீச்சர்.

தை மாதத்தில் ஒரு நாள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது பச்சையம்மா அக்கா தடுமாறிக் கீழே உட்கார்ந்துவிட்டார். விழுந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. அதற்கே தொடை எலும்பு, இடுப்புக்குக் கீழே, முறிந்துபோனது. வயது அறுபத்து மூன்று. டாக்டர் ஜோஷ்வா ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார். மூன்று மாதத்தில் நடக்கலாம் என்றார். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ், "நல்ல சாப்பாடா குடுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். சுப்பராயலுவுக்கு நல்ல சாப்பாடு என்றால் பத்தியச் சாப்பாடு.

முட்டை சூடு, மீன் கிரந்தி, பருப்பு வாயு, தயிர் சீதளம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார். கடைசியில் கஞ்சி, ரசம் சாதம், பன், இவைதான் மிஞ்சின. அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவர் தம்பி சக்திவேல் குடல்வால் ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டாராம், புண் சீழ் வைத்துவிட்டதாம். சீழ் வைத்தது எதனாலோ, பழி கருவாட்டின் மேல் விழுந்தது.

எலும்பு கூடுவதற்குச் சுப்பராயலு ஆட்டுக்கால் சூப்பைத்தான் நம்பினார். தினமும் விடிந்ததும் கறிக்கடைக்குப் போய் வாங்கிவந்து, மிளகு சீரகம் தட்டிப்போட்டு, குக்கரில் பத்து விசில் விட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டுவார். தெளிந்த தண்ணீர் பச்சையம்மாவுக்கு. துணியில் தங்கியது வாசலில் நிற்கும் நாய்க்கு. இரண்டு மாதத்தில் அந்த நாய் நன்றாகத் தேறிவிட்டது. பச்சையம்மாவின் கையிலோ வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

ஆபரேஷன் முடிந்த இரண்டாவது வாரம் நான் கீழே அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அக்கா அவரிடம் கேட்டார்.

"ஏய்யா, ஒரே ஒரு முட்டை அவிச்சுக் குடேன். வவுறு கிள்ளுதுய்யா."

"சும்மா கெட. சக்திவேலு மாதிரி சீழ் வெச்சிகினு அவஸ்தப்படணுமா நீ?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் படித்தவள், சொன்னால் சுப்பராயலு கேட்டிருப்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க அக்கா, அவர் நல்லதுக்குத்தானே சொல்றார்." அதோடு விட்டேனா, குழையப் பிசைந்த ரசம் சாதத்தைத் தூக்குவாளியில் போட்டு நானும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தையல் பிரித்த பிறகும் எலும்பு கூடட்டும் என்று பத்தியம் நீண்டது. அக்கா அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரே எடுக்க நானும் கூடப் போனேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். முறிந்த இடம் முறிந்தபடியே இருந்தது. அக்காவின் மேல்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

பதில் சொன்னது சுப்பராயலுதான். "ஒரு நாள் தவறாம ஆட்டுக்கால் சூப்பு சார். நானே வடிகட்டிக் குடுக்கறேன்."

"வடிகட்டினதையா? சரி, அது கூட?"

"ரசம் சோறு. கஞ்சி."

டாக்டர் படத்தை மேஜைமேல் வைத்தார். பிறகு சொன்னார்: "சார், சாப்பாடு ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். வயசு இருக்கு, எலும்பும் ஏற்கெனவே மெலிஞ்சிருக்கு. ஆனா நீங்க வீடு கட்டினவர். கம்பி இல்லாம கான்கிரீட் போட்டா நிக்குமா? எலும்புக்குக் கால்சியம் கான்கிரீட்டுன்னா, புரதம்தான் கம்பி. வெளியிலிருந்து வரலன்னா உடம்பு சும்மா இருக்காது. தன் தசையையே கரைச்சு எடுத்துக்கும். மூணு மாசமா அதுதான் நடந்திருக்கு."

"சூப்புல சத்து இல்லியா சார்?"

"ருசி இருக்கு. சத்து பத்தாது. முட்டை, மீன், பால், பருப்பு, சுண்டல், எது பிடிக்குதோ அதைக் குடுங்க. மூணு வேளையும் குடுங்க."

"இன்னொரு ஆபரேசன் பண்ணிடுங்க சார். பண்ணா நடப்பா இல்ல?"

"இப்ப இவங்க ஒடம்பு தாங்காது. முதல்ல தேறட்டும். ஆறு வாரம் பார்ப்போம். நடப்பாங்கன்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

சுப்பராயலு கை கூப்பினார். நாலு வீட்டுக்காரர், வாடகை கேட்க வந்தால் தெருவே அதிரப் பேசுகிறவர், அந்த அறையில் சத்தம் வராமல் அழுதார். என்னால் அவரைப் பார்க்கவும் முடியவில்லை, அக்காவைப் பார்க்க எனக்கு முகமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சுப்பராயலு சட்டையைக்கூட மாற்றாமல் இரண்டு முட்டையை அவித்தார். அவசரமாகத் தோலை உரித்ததில் வெள்ளைக்கருவும் பிய்ந்து வந்தது. உப்பும் மிளகும் தூவிக் கட்டிலுக்குக் கொண்டுபோனார்.

"பச்சே, இந்தா, துன்னு."

அக்கா ஒரு துண்டை வாயில் வைத்து நெடுநேரம் மென்றார். விழுங்க முடியாமல் கையில் துப்பினார்.

"இன்னும் ஒரு வாய். எனக்கோசரம்."

"இல்லய்யா." குரலில் கோபமே இல்லை. "அன்னிக்கு அப்பிடிப் பசிச்சுது. நீ குடுக்கல. இப்போ பசியே எடுக்க மாட்டேங்குது."

சுப்பராயலு தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாசலில் நாய் வழக்கம்போல வந்து நின்றது. அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, முட்டையை இன்னும் சின்னதாகக் கிள்ளி, அக்காவின் உதட்டருகே பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.