ஆரின் வீட்டுப் புல்

ஆரின் டாஃப்ட்டி யார் வம்புக்கும் போகாத மனுஷன். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து ஆற்றோரக் காகித ஆலையில் வாழ்நாள் முழுக்க உழைத்தார், ஓய்வு பெற்றார், மறு வருஷமே மனைவியைப் பறிகொடுத்தார். அதற்கப்புறம் அவருக்கென்று மிஞ்சியது வீட்டு முன்னாலிருந்த புல்தரை ஒன்றுதான். சனிக்கிழமை காலை காபி குடித்த கையோடு புல்வெட்டி மிஷினைக் கிளப்பிவிடுவார். வெட்டி முடித்தால் கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கும். புல்லுக்கு நடுவே டேன்டிலியன் என்கிற மஞ்சள் பூக் களை ஒன்று தலைகாட்டினாலும் மண்டியிட்டு வேரோடு பிடுங்கிய பிறகுதான் மதியச் சாப்பாடு.

அந்தத் தெருவில் ஒருவர் வீட்டுக் கதவை இன்னொருவர் சும்மா போய்த் தட்டுவது கிடையாது. தட்டினால் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப்போவார்கள். சௌக்கியமா என்று கேட்டால், சௌக்கியம் என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிடுவார்கள். புல் வளர்ந்து கிடந்தால் மட்டும், அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெருவுக்கே புரிந்துவிடும். என்ன ஜனங்களோ! மனுஷன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அவன் புல்லைப் பார்ப்பார்கள்.

அதனால்தான், அம்மாவை அடக்கம் செய்துவிட்டு அரிசோனாவுக்குக் கிளம்பிய மகள் சிக்ரிட், அப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது, பக்கத்து வீட்டு மார்லிஸ் கெல்னர் தயங்கவே இல்லை.

"கதவைத் தட்டினா உங்கப்பாவுக்குப் பிடிக்காது. சனிக்கிழமை மிஷின் சத்தம் கேட்டா நல்லா இருக்கார்னு அர்த்தம். கேக்கலைன்னா நான் சாவியை எடுத்துக்கிட்டு உள்ள போயிடறேன்."

சொன்னபடி நடந்துகொண்டாள். ஒரு சனிக்கிழமை சத்தம் வரவில்லை என்று சாவியோடு ஓடினாள். பல்வலியில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், அவள் வேலை பார்க்கும் பல் டாக்டரிடமே போக மறுத்து வீம்பு பிடித்தார். இழுத்துக்கொண்டு போனவளும் அவள்தான்.

அப்புறம் ஒரு வசந்தத்தில் மார்லிஸுக்குத் தேனீப் பைத்தியம் பிடித்தது. குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்து வெளியே வரும் தேனீக்களுக்குப் புல்லுக்கு நடுவே பூக்கிற பூதான் முதல் சாப்பாடு, மே மாதம் முடிகிறவரை யாரும் புல் வெட்டாதீர்கள் என்று எல்லோரையும் பிடித்துப் பேசினாள். புல்லை வளரவிட்டால் போடும் அபராதம் அந்த ஒரு மாதம் கிடையாது என்று நகராட்சியும் இறங்கிவந்தது. தெருவே தலையாட்டியது. ஆரின் மட்டும் மசியவில்லை.

"ஏம்மா, இத்தனை வருஷமா நான் புடுங்கிப் போட்டதை இப்ப வளக்கச் சொல்றியா?"

"ஒரு மாசம் வெட்டலைன்னா செத்தா போயிடுவீங்க?"

கிழவர் சிரித்தார். ரெண்டு நாள் கழித்து அவராகவே வேலிப் பக்கம் வந்து, சரி, உன் தேனீயையும்தான் பாத்துடுவோமே என்றார். மார்லிஸுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குஷியில் ஒன்றை அடியோடு மறந்தாள். மிஷின் ஓடாத சனிக்கிழமைகளில் கிழவர் இருக்கிறாரா, இல்லையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மே பாதி தாண்டியதும் ஆரின் வீட்டு முன்னால் ஒரே மஞ்சள். குண்டுத் தேனீக்கள் மொய்த்தன. நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் நின்று பார்த்து, ஆரினே திருந்திட்டாருப்பா என்று சொல்லிக்கொண்டு போனார்கள். வேறு எந்த வருஷமாக இருந்தாலும் முழங்கால் உயரப் புல்லைப் பார்த்த மாத்திரத்தில் யாராவது உள்ளே ஓடியிருப்பார்கள். மார்லிஸ் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி போனில் படம் பிடித்தாள். வெயில் இறங்குமுன்பே சமையலறை விளக்கு எரிந்ததைக்கூடப் பார்த்தாள். அணைக்க மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

மே கடைசியில், கல்லறைகளுக்குப் பூ வைக்கப் போகும் விடுமுறை ஞாயிற்றுக்கிழமை, சிக்ரிட் போன் செய்தாள். அப்பா எடுக்கவே இல்லையாம். பழைய பழக்கத்தில் கேட்டாள்.

"நேத்து மிஷின் சத்தம் கேட்டுதா, மார்லிஸ்?"

மார்லிஸ் போனைக் காதில் வைத்தபடியே சாவியைத் தேடினாள்.

ஆரின் நிலவறைப் படிக்குக் கீழே கிடந்தார். இடுப்பு முறிந்திருந்தது. படியிலிருந்து சன்னலடி வரை தவழ்ந்து வந்திருந்தார். விழுந்ததும் உயிர் போயிருக்காது, சில நாள் இருந்திருப்பார் என்று பார்க்க வந்த டாக்டர் மென்று விழுங்கிச் சொன்னார். அந்தச் சின்ன சன்னல் புல் மட்டத்தில் இருந்தது. வெளியே பூவைத் தவிர எதுவும் தெரியவில்லை.

அடக்கம் முடிந்த அன்று மார்லிஸ் சிக்ரிட்டின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நான்தான் வெட்ட வேண்டாம்னு சொன்னேன், நான்தான் மறந்தேன் என்று அழுதாள். சிக்ரிட் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"கடைசியாப் பேசினப்போ அப்பா ரொம்ப சந்தோஷமா இருந்தார், மார்லிஸ். தேனீயெல்லாம் எனக்கென்ன தெரியும்னார். புல்லை விட்டா மார்லிஸ் பூ பாக்கத் தினமும் வருவா, அவளுக்கு ஒரு காபி போட்டுக் குடுக்கலாம்னார்."

அந்த மாதம் முழுக்க மார்லிஸ் ஒரு நாள்கூட வேலியைத் தாண்டவில்லை.