வெள்ளிக்கிழமைக் குளிசை

தொண்ணூறுகளின் கடைசியில், சூரிச் மருத்துவமனையொன்றில் தமிழ் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊரான ஷ்லீரனில் துப்புரவு வேலை செய்த ஒருவரிடம், மருந்துக் குளிசைகளைத் தினமும் போடுகிறாரா என்று டொக்டர் கேட்டார்.

"வெள்ளியிலை விரதம் அக்கா. அண்டைக்கு மட்டும் போடுறேல்லை."

டொக்டர் எங்கள் சனத்தைப் பற்றி என்ன நினைப்பாரோ என்று எனக்கு வெட்கம். "தினமும் போடுகிறார்" என்று ஜேர்மன் மொழியில் சொன்னேன். டொக்டர் திருப்தியாகத் தலையாட்டினார்.

மூன்று மாதத்தில் அந்த நோயாளியின் இரத்தத்தில் கிருமி கூடிவிட்டது. கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது, இனி அது அவருக்கு வேலை செய்யாது என்றார் டொக்டர். அப்போதுதான் இருவரிடமும் உண்மையைச் சொன்னேன்.

நோயாளி கோபிக்கவில்லை. "டொக்டர் தலையாட்டினவர். அதாலை, வெள்ளியிலை விடலாமெண்டு நினைச்சிட்டன்."

அதற்குப் பிறகு நான் யாருடைய ஒரு சொல்லையும் மாற்றியதில்லை. அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.