ரோடு சரியில்லை

ஐம்பத்தெட்டாம் வருடமா, ஐம்பத்தொன்பதா என்பது இப்போது உறுதியாக நினைவில்லை. ஐப்பசி மழை விட்டு இரண்டு மூன்று நாள் வெயில் அடித்திருந்தது. பெரியபட்டினத்திலிருந்து ராமநாதபுரம் வரும் வழியில், ஒரு பிற்பகலில் நடந்தது இது.

மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு, வேலை எதுவும் தேடாமல் ஊரில் சுற்றிக்கொண்டிருந்தேன். அய்யா அதற்கு முந்தைய வருடம் தவறிவிட்டார். நிலத்தோடு சேர்த்து அவருடைய பழைய கறுப்புக் காரும் என் கைக்கு வந்தது. அய்யா அதில் கோர்ட்டுக்குப் போவார், விதைநெல் ஏற்றுவார், ஊரில் யாருக்காவது முடியாமல் போனால் பின்சீட்டில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். கோழிக்கூண்டு மாதிரி உயரமாக நிற்கும் வண்டி. அதில் போக எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் பந்தயக் கார் படம் பார்த்தேன். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. சக்கரங்கள் மட்டும் பெரிது பெரிதாக இருந்தன. நம் காரையும் அப்படி ஆக்கிவிட வேண்டும் என்று ராமநாதபுரத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக்குக்கும் என் வயதுதான். படத்தைப் பார்த்ததும் அவருக்கும் ஆசை பற்றிக்கொண்டது.

ஸ்பிரிங்கில் அடுக்கியிருந்த இரும்புப் பட்டைகளில் பாதியை உருவினோம். வண்டி பொத்தென்று தாழ்ந்தது. தாழ்ந்த பிறகு அடிப்பாகம் மண்மேட்டில் இடித்தது. அதைச் சமாளிக்க, யுத்தம் முடிந்து ஏலத்தில் போன ஒரு ராணுவ வண்டியின் பெரிய சக்கரங்களைத் தேடிப்பிடித்து, போல்ட் துளைகளை மாற்றிப் போட்டு மாட்டினோம். அவை மட்கார்டுக்குள் அடங்கவில்லை. மட்கார்டின் விளிம்பை வெட்டினோம். கடைசியில் டயருக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடம் கிடைத்தது.

மெக்கானிக் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீங்க ஒருத்தருதான ஓட்டப் போறீக?"

"ஆமா, நான் மட்டுந்தான்."

"அப்பச் சரி."

பின்சீட்டில் நாலு பேரை உட்காரவைத்து ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அம்மா மட்டும் அதில் ஏற மறுத்துவிட்டாள். "ஏலே, இது காரா? வயித்தத் தேச்சுக்கிட்டுப் போற உடும்பு மாதிரில இருக்கு" என்றாள். நான் சிரித்தேன். தெருவில் பையன்கள் வண்டியின் பின்னால் ஓடிவந்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன் பெரியபட்டினத்துக்காரன். அவர்களுடையது கடல் வியாபாரக் குடும்பம். அவனிடம் காரைக் காட்டத்தான் அன்று போனேன். அவன் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். அவன் ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நல்ல நேரத்துல வந்த மாப்ளே. தங்கச்சிக்கு வலி கண்டு காலையிலருந்து கெடக்குறா."

தங்கையின் கணவர் கொழும்பில் இருந்தார். தலைப்பிரசவம். உள்ளேயிருந்து வந்த மருத்துவச்சி, குழந்தை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஆகாது, ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோனால் தாயும் பிள்ளையும் பிழைக்கலாம் என்றார். பஸ் போய்விட்டது. மாட்டுவண்டியில் போனால் பொழுது சாய்ந்துவிடும். எல்லோரும் என் காரைப் பார்த்தார்கள். அந்த நொடியில் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைத் துப்பட்டியைத் திரைபோலக் கட்டினார்கள். அந்த வீட்டுப் பெண்கள் வெளியே போகும்போது அதுதான் வழக்கம். பின்னால் தங்கை, மருத்துவச்சி, நண்பனின் தாய். நல்ல கனத்த உடம்பு அந்த அம்மாவுக்கு. முன்னால் என் பக்கத்தில் நண்பன். அவர்கள் ஏற ஏற, வண்டி பின்பக்கம் அமிழ்ந்ததை உணர்ந்தேன். கிளப்பினேன்.

தெருமுனை திரும்பும்போதே அந்தச் சத்தம் கேட்டது. சர்ரென்று, தகரத்தை அரத்தால் இழுப்பது மாதிரி. முதல் பள்ளத்தில் இன்னும் பலமாக. ரப்பர் கருகும் வாடை உள்ளே வந்தது.

"என்ன மாப்ளே சத்தம்?" என்றான் நண்பன்.

"ஒண்ணுமில்ல" என்றேன். எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இரண்டு விரல் இடம் என் ஒருவன் கனத்துக்குத்தான். நாலு பேர் ஏறியதும் மட்கார்டு டயரின்மேல் உட்கார்ந்துவிட்டது.

வேகம் எடுத்தால் உரசல். மெதுவாகப் போனால் நேரம். மழையில் அரித்துப்போன மண்ரோடு. அடிக்கு ஒரு பள்ளம். ஒவ்வொன்றிலும் சர்ரென்ற சத்தமும், உடனே திரைக்குப் பின்னால் மூச்சு அறுபடும் ஒலியும். அந்தப் பெண் கத்தவே இல்லை. அடிக்குரலில் அல்லாஹ்வைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். முகம் தெரிந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். வெள்ளைத் துணியும் சத்தமும்தான் இருந்தன.

உடைமரக் காட்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, பாரத்தைக் குறைக்க வேண்டும் என்றேன். காரணம் சொல்லவில்லை. நண்பன் உடனே இறங்கினான். "நீங்க போங்க, நான் யாருகிட்டயாவது சைக்கிள் வாங்கிட்டு வாரேன்" என்றான். ஆனால் கனம் பின்னால்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் தாயே புரிந்துகொண்டு இறங்கி, திரையைத் தாண்டி முன்னால் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்நிய ஆண் பக்கத்தில் அவர் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும்.

"ஓட்டு, வாப்பா. பர்தாவெல்லாம் புள்ள பொறந்தப்பறம் பாத்துக்குறலாம்" என்றார்.

உரசல் குறைந்தது, நிற்கவில்லை. திருப்புல்லாணிக் கோபுரம் பனைகளுக்கு மேலே தெரிந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம். நான் பார்த்துவிட்டேன், ஒதுக்க இடமில்லை. வெட்டிய தகட்டின் முனை டயரைக் கிழித்தது. வெடிச்சத்தத்தோடு வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது.

"காக்கா, நிறுத்தாதீங்க." திரைக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள். அண்ணனை அவர்கள் காக்கா என்றுதான் அழைப்பார்கள். அன்று அவள் என்னோடு பேசியது அது ஒன்றுதான்.

டிக்கியில் ஸ்டெப்னி இருந்தது, அய்யா காலத்துச் சின்னச் சக்கரம். ஜாக்கியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். ஜாக்கி நுழையவில்லை. ஏற்கெனவே தாழ்த்திய வண்டி, காற்றும் போனதும் தரையோடு ஒட்டிவிட்டது. கையால் மணலைத் தோண்டினேன். ஈரமணல் தோண்டத் தோண்டச் சரிந்தது. நகம் பெயர்ந்ததும் தெரியவில்லை.

பக்கத்து வயலில் வேலையாக இருந்தவர்கள் வந்தார்கள். "என்ன சாமி, வண்டி நொண்டியடிக்குதா?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். உள்ளே எட்டிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "ஏலே, எல்லாரும் வாங்கடா இங்கன!" என்று கத்தினார். அந்தப் பெண்ணைத் துப்பட்டியோடு தூக்கி மரநிழலில் கிடத்தினோம். ஆண்கள் எல்லோரும் சேர்ந்து வண்டியை ஒருபக்கம் தூக்க, யாரோ கல்லை அண்டக்கொடுக்க, நான் போல்ட்டுகளோடு போராடினேன். ஒரு போல்ட் மறை கெட்டு அசைய மறுத்தது. மாற்றித் துளைத்த ஓட்டையில் கோணலாக ஏறியிருந்தது. மண்வெட்டியின் பின்பக்கத்தால் அடித்துத்தான் அதைக் கழற்றினேன்.

"புள்ளைக்கு அசைவு இருக்கு. இன்னும் இருக்கு. வெரசாப் பாருங்கய்யா" என்று மரத்தடியிலிருந்து மருத்துவச்சி சொல்லிக்கொண்டே இருந்தார். சற்று நேரம் கழித்து அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு வண்டி ஓடியது. அய்யாவின் பழைய சக்கரம் மட்டும் எதிலும் உரசாமல் சுற்றியது. ராமநாதபுரம் வரும்வரை அந்தப் பக்கத்து அமைதியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்த லேடி டாக்டர் வெளியே வந்து, இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

நண்பனின் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரோடு சரியில்ல டாக்டரம்மா. இந்தப் புள்ள என்ன செய்யும்? உசுரக் குடுத்து ஓட்டிட்டு வந்துச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நகம் பெயர்ந்த விரல்களைப் பார்த்து எனக்காகவும் அழுதார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "ஆமா டாக்டர், ரோடு சரியில்லை."

நண்பன் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தங்கையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன், காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். பின்மட்கார்டுக்குப் பக்கத்தில் குனிந்து, வெட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்த்தான். கருகிய ரப்பர் துகள் விரலில் ஒட்டியது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா மாப்ளே?" என்று கேட்டான். அவ்வளவுதான். கொழும்புக்குப் போன பிறகும், கடைசிவரை, அவன் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னைத் திட்டியிருந்தால் நானும் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். அதுவும் ஒரு சாக்குதான்.

மறுவாரமே பட்டைகளைத் திரும்பப் போட்டு, பழைய சக்கரங்களை மாட்டச் சொன்னேன். "ஏன், நல்லாத்தான இருந்துச்சு?" என்றார் மெக்கானிக். ரோடு சரியில்லை என்று அவரிடமும் சொன்னேன்.

அந்தப் பெண்ணுக்குப் பிறகு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். கடைசி மகனின் நிக்காஹ்வுக்கு என்னை அழைத்திருந்தார்கள். "உம்மா உசுரக் காப்பாத்துன மாமா இவுகதான்" என்று மகன் என்னை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினான். அவனுடைய தாய் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்தார். அவருடைய முகத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். "இப்ப ரோடெல்லாம் போட்டுட்டாக காக்கா. அன்னிக்கு மட்டும் இப்படி இருந்திருந்தா, அவனுக்கும் இங்கன ஒரு எலை போட்டிருப்பேன்" என்றார்.

"ஆமாம்மா" என்றேன் மறுபடியும்.

அவர்கள் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள் என்று தெரியும். பெயர் எதுவும் எழுதவில்லை, ஆனாலும் படித்தால் யாரென்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் என் பேரன் ஓட்ட, அந்த வழியாகப் போய்வந்தேன். தார் ரோடு, ஒரு குலுக்கல் இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்த எனக்கு அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது. இத்தனை வருடம் நான் பழி போட்டுவந்த பள்ளங்களில் இன்று ஒன்றுகூட மிச்சமில்லை. மிச்சமிருப்பது நான் மட்டும்தான்.