அம்மாவின் தலையணையில் இரண்டு மைக்

பதுளையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களுடைய கண்ணோடுதான் பாடு. கடையை அடைத்து வீட்டுக்கு வந்தால் எனக்குக் காது மட்டும் போதும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருப்பேன்.

இந்தப் பழக்கம் எனக்கு லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வந்தது. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். லயத்தில் காம்பரா எனும் அறைவீடுகளுக்கு நடுவே இருக்கும் சுவர் கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி. பக்கத்து வீட்டுச் சண்டை, இருமல், வானொலி, குழந்தை அழுகை எல்லாம் அந்த வழியாக நம் வீட்டுக்குள் இறங்கும். ஏ.எல். படிக்கும்போது யாரோ தந்த பழைய ஹெட்போன் ஒன்றைப் பாட்டே இல்லாமல் சும்மா மாட்டிக்கொண்டு படிப்பேன். அந்த வயதில் எனக்கென்று ஓர் அறை இருந்ததென்றால் அது அதுதான்.

கடைக்கு ஒருநாள் பல் டொக்டர் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், பதுளைக்கு மாற்றலாகி வந்து தனியாகக் குவார்ட்டர்ஸில் இருந்தார். கண்ணாடி ஒன்றையும் பிடிக்கவில்லை அவருக்கு. ஒவ்வொன்றாகப் போட்டு, காதுக்கு மேலே விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இந்தக் காம்பு இன்னும் மெல்லிசா வேணும். ஹெட்போன் போட்டால் இந்த இடத்தால சத்தம் கசியுது."

"காது மெத்தைய மாத்திப் பாத்தீங்களா டொக்டர்? மெதுவான மெத்தைன்னா காம்பு அமுங்கிப் போயிரும்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை முதல் தடவையாகப் பார்த்தார். "உங்களுக்கு இது பற்றித் தெரியுமோ?"

இப்படித்தான் நாங்கள் இருவரானோம். மூன்றாவது ஆளை டொக்டர்தான் பிடித்தார். எல்லயில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் செய்பவன். முப்பது வயது. சிறிய அம்ப்ளிஃபயர் ஒன்றை விற்கப் போட்டிருந்தான். அதை வாங்கப் போன டொக்டர் அவனையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டார். அதன்பிறகு பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் டொக்டர் வீட்டில் கூடினோம். அவன் ஒரு கேக்கோ பாணோ சுட்டுக்கொண்டு வருவான். டொக்டர் தன் அந்தூரியம் சாடிகளை நகர்த்தி எங்களுக்கு இடம் பண்ணுவார். ஒருவருடைய ஹெட்போனை மற்றவர் அடுத்த போயா வரை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பது ஏற்பாடு. டொக்டருடையது வெளிப்பக்கம் திறந்தது. நாதஸ்வரம் அறைக்குள்ளேயே நின்று வாசிப்பதுபோல் இருக்கும். என்னுடையது மூடியது, கனமானது. வெளியே மேளம் அடித்தாலும் தெரியாது.

தம்பி என்று நான் கூப்பிடும் அந்தச் சமையல்காரனுக்குப் பாட்டைவிடச் சத்தங்கள் மேல்தான் ஆசை. பட்டாணி அளவு மைக் இரண்டு வைத்திருந்தான். அவற்றைத் தன் இரண்டு காதுகளிலும் செருகிக்கொண்டு ஊர் சுற்றுவான். அவன் காது எதைக் கேட்டதோ அதை அப்படியே அவை பதிந்துகொள்ளும். அந்தப் பதிவை ஹெட்போனில் கேட்டால் நாம் அவன் தலைக்குள் போய்விடுவோம். முன்னால் இருப்பது முன்னால், முதுகுக்குப் பின்னால் இருப்பது பின்னால். சலூனில் முடி வெட்டும்போது பதிந்ததைக் கேட்ட டொக்டர், கத்தரிக்கோல் பின்கழுத்துக்கு வந்ததும் கத்தியே விட்டார்.

அவன் அம்மாவின் பதிவும் ஒன்று இருந்தது. அடுப்படியில் அவர் எதையோ பொரிக்கிறார். திடீரென்று, என் முகத்துக்கு நேரே, "தள்ளி நில்லுடா, எண்ண தெறிக்கும்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த அம்மா தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில், அவன் பிறந்த அதே லயத்தில் இருந்தார். அந்த லயத்தில் அவர் மட்டும்தான் இருந்தார். பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருந்ததால் மண் சரியும் என்று எல்லாரையும் எழுப்பி, கீழே பள்ளிக்கூட மைதானத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில்களில் வைத்திருந்தார்கள். லயத்துக் கதவுகளில் சிவப்பு மையால் குறி போட்டிருந்தது. அம்மா மட்டும் இறங்கவில்லை. மகன் லீவு கிடைக்கும் நாளில் எல்லயிலிருந்து சாமான் வாங்கிக்கொண்டு போவான்.

"அம்மாவுக்கு மூள கொஞ்சம் கொழம்பிருச்சு அக்கா" என்று ஒரு போயாவில் சொன்னான். "சொவத்தப் பாத்துப் பேசுது. சாப்பிட்டீங்களான்னு கேக்குது. அப்பா செத்து எத்தன வருசமாச்சு? மாவு வேற சீக்கிரம் சீக்கிரமா தீந்துருது. நாய்க்குப் போடுதோ என்னமோ."

ஐப்பசி மழையில் அந்த அம்மா இறந்துபோனார். குழாயடியில் விழுந்து கிடந்ததைக் கொழுந்தெடுக்கப் போன பெண்கள் கண்டார்கள். நானும் டொக்டரும் போயிருந்தோம். நடுப்பகல்தான், ஆனால் மூடுபனியில் லயத்தின் மறுமுனை தெரியவில்லை. முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்ற கூட்டத்துக்கு அப்பால் சிவப்புக் குறி போட்ட கதவுகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் போய் மறைந்தன. நின்றுகொண்டிருந்தபோது யாரோ பின்னாலிருந்து எங்களை எண்ணுவதுபோல ஓர் உணர்வு எனக்கு. டொக்டரிடம் சொல்லவில்லை.

அடுத்த போயாவுக்குத் தம்பி கேக் கொண்டுவரவில்லை. ஒரு மெமரி கார்டைத் தந்தான்.

"கருமாதி முடிஞ்ச மறுநாள் எடுத்தது. அம்மா கட்டில்ல, தலகாணியில ரெண்டு மைக்கையும் வச்சேன். காது இருக்கிற எடத்துலயே வச்சேன். வச்சுட்டு, கதவப் பூட்டிட்டு, எரவல் வாங்குன பாத்திரத்தக் குடுக்கக் கீழ போயிட்டேன். யாரும் இல்லாதப்ப வீடு எப்பிடி இருக்குன்னு கேக்கணும்போல இருந்துச்சு."

"கேட்டீங்களா?"

"இல்லக்கா. முடியல. நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க."

ஞாயிறு காலையில் கேட்டேன். அம்மாவின் தலை இருந்த இடத்தில் மைக் இருக்கிறது என்பதால் நானும் படுத்துக்கொண்டே கேட்டேன். அப்படிக் கேட்பதுதான் சரி என்று பட்டது. ஜன்னலில் நல்ல வெயில்.

முதலில் தம்பியின் மூச்சு, மிகப் பக்கத்தில். பிறகு அவன் எழுந்து போகிறான். நாதாங்கி. பூட்டு. செருப்புச் சத்தம் இறங்கிப் போய் இல்லாமலாகிறது. அதன்பிறகு வீடு. கூரைத் தகரத்திலிருந்து சொட்டும் தண்ணீர், தூரத்தில் ஒரு சேவல், ரயிலின் ஊதல். எனக்குத் தூக்கமே வந்துவிட்டது.

அப்போது வலது காதுக்கு மேலே யாரோ இருமி, தொண்டையைக் கனைத்தார்கள்.

கண்ணைத் திறந்தேன். என் அறைச் சுவரில் நாட்காட்டி தொங்கியது. வேறொன்றும் இல்லை.

"தங்கச்சி" என்றது ஓர் ஆண் குரல். வயதான குரல், மேலேயிருந்து வந்தது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு, "ம்" என்றது. மறுபடியும் மௌனம். "அவன் போயிட்டானா?" மௌனம். "சரி, சரி. வெயிலே இல்ல இன்னிக்கு." மௌனம். அதன்பின் அந்தக் குரல் சிரித்தது. யாரோ எதையோ சொல்ல, அதற்குச் சிரிப்பதுபோல.

அந்த மௌனங்கள்தான் என்னைப் பயமுறுத்தின. ஒவ்வொன்றும் ஒருவர் பதில் சொல்லி முடிக்க எடுக்கும் நேரம்.

பிறகு கட்டில் கிரீச்சிட்டது. என் காதுக்கடியில், அத்தனை பக்கத்தில். படுத்திருந்தவர் எழுந்தால் வரும் சத்தம். நான் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

நான் போன் செய்ததும் டொக்டர் உடனே வந்தார். எங்கள் புத்தி முதலில் சாதனத்தின் பக்கம்தான் போனது. வேறு பதிவு ஏதாவது கலந்திருக்குமோ என்று கார்டை அவருடைய கருவியில் போட்டுப் பார்த்தோம். என் ஹெட்போனை மாற்றி அவருடையதில் கேட்டோம். அந்தக் குரல் இன்னும் தெளிவாகத்தான் வந்தது. இப்போது அது அறைக்குள்ளேயே நின்று பேசியது. டொக்டர் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் இரண்டாம் முறை கேட்டபோது கண்ணை மூடி, ஒரு கையைத் தூக்கி என்னைப் பேசவிடாமல் நிறுத்தினார்.

"இருமலைக் கேட்டனீங்களே? நெஞ்சில சளி கட்டியிருக்கு. இது செத்த ஆளின்ர இருமல் இல்லை. தம்பிக்குப் போன் அடியுங்கோ, நான் காரை எடுக்கிறன்."

தம்பிக்கு அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் பக்கம் வெத்து காம்பராக்கா. அங்க இருந்த மாமாவ அவரு மக கொழும்புக்குக் கூட்டிட்டுப் போயி வருசக் கணக்காச்சு. பூட்டு துருப் பிடிச்சுக் கெடக்கு."

தெமோதரைச் சந்தியில் அவனை ஏற்றிக்கொண்டோம். மேலே போகப் போகப் பனி இறங்கியது. டொக்டர் பகலிலேயே விளக்கைப் போட்டு ஓட்டினார். லயத்தில் நாய்கூட இல்லை. பக்கத்துக் காம்பராவின் கதவைத் தட்டினோம், கூப்பிட்டோம். பூட்டு அவன் சொன்னபடியே துருவேறிக் கிடந்தது. யாரும் தொட்ட அடையாளம் இல்லை. பின்கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

தம்பி அம்மாவின் வீட்டைத் திறந்தான். கட்டில்மேல் ஒரு ஸ்டூலை வைத்து ஏறி, சுவருக்கு மேலிருந்த இடைவெளியில் தலையை விட்டு, போன் வெளிச்சத்தை அடித்தான். அப்படியே அசையாமல் நின்றான்.

"என்ன தம்பி?"

"அக்கா" என்றான், கிசுகிசுப்பாக. "ஆள் இருக்கு."

மூலையில், சாக்குகளை அடுக்கி அதன்மேல், கொழும்புக்குப் போனதாகத் தம்பி சொன்ன அந்தப் பெரியவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பின்கதவை உடைத்து நாங்கள் உள்ளே போனபோது அவர் பயப்படவில்லை. தம்பியின் பழைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தார். ஒழுகும் தகரத்துக்குக் கீழே ஒரு பேசின் தண்ணீர். பிஸ்கட் கடதாசிகள். பக்கத்தில் அம்மாவின் எவர்சில்வர் டம்ளர். கருமாதிக்குப் படையல் வைக்கத் தம்பி வீடெல்லாம் தேடிய டம்ளர் அது.

கொழும்பில் இருக்கப் பிடிக்காமல் அவர் மழைக்கு முன்பே திரும்பி வந்திருக்கிறார். பின்பக்கமாக நுழைந்து தாழிட்டுக்கொண்டார். யாருக்கும் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். தெரிந்தால் தோட்டத்து நிர்வாகம் கீழே இறக்கும், மகள் வந்து பிடித்துப் போவாள். சுவருக்கு மேலாக அம்மா ரொட்டியும் தேயிலைச் சாயத் தண்ணியும் கொடுத்திருக்கிறார். அம்மா மலையை விட்டு இறங்காததற்குக் காரணம் இதுதான் என்று தம்பிக்கு அங்கே நின்றபோதுதான் விளங்கியது.

டொக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா எப்ப சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டார்.

"காலையில சாயத் தண்ணி குடிச்சேங்க."

"ஆர் தந்தது?"

பெரியவர் சுவரின் மேலிடைவெளியைப் பார்த்தார். "தங்கச்சிதான்."

தம்பி வெளியே போய் இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டான். நான் டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் ஈரம் இருந்தது. கூரைச் சொட்டாக இருக்கலாம். முகர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சில் சளி, உடம்பில் தெம்பே இல்லை, ஆனால் பிழைத்துக்கொள்வார் என்றார்கள். தங்கச்சி இறந்துவிட்டது என்று அவரிடம் சொல்லும் பொறுப்பைத் தம்பி தானே ஏற்றுக்கொண்டான். நான் கட்டிலின் மறுபக்கம் நின்றேன்.

"மாமா, அம்மா தவறிருச்சு."

"தெரியும்யா" என்றார் அவர் சாதாரணமாக. "தப்பு மேளச் சத்தம் கேட்டுச்சே. எறக்கிட்டுப் போனீங்க. எல்லாம் கேட்டுச்சு."

ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, தம்பி பையிலிருந்து ஹெட்போனை எடுத்து அவர் தலையில் மாட்டி, அம்மா அடுப்படியில் பேசும் பதிவைப் போட்டான். பெரியவர் கவனமாகக் கேட்டார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எண்ணெய் தெறிக்கும் இடத்தில் அவர் முகத்தைத் திருப்பவும் இல்லை. முடிந்ததும் தானே கழற்றித் தந்தார்.

"இது முந்திப் பேசுனது" என்றார். "இப்பக் குரல் கொஞ்சம் எறங்கிருச்சு. காதக் குடுத்துக் கேக்கணும்."

பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, கவலையோடு கேட்டார்: "என்னை இங்க கொண்டாந்துட்டீங்க. அங்க அதுக்குப் பேச்சுத் தொணைக்கு யாரு இருக்கா?"

கொழும்பிலிருந்து மகள் அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். அவர் உறவுக்காரர் வீட்டில் இருப்பதாக நம்பி, பிறகு காணவில்லை என்று தேடி அலைந்திருக்கிறாள். குணமானதும் கூட்டிப்போனாள். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாராம், தூங்குகிறாராம். யாரோடும் பேசுவதில்லையாம்.

லயத்துக் கூரையைத் தோட்டம் கழற்றிவிட்டது. மலை இன்னும் இறங்கவில்லை. கூரை கழற்றுவதற்கு முன்னால் தம்பி மட்டும் ஒரு பகல் தனியாகப் போய்விட்டு வந்தான். மைக் கொண்டுபோகவில்லை என்று சொன்னான். அங்கே எவ்வளவு நேரம் இருந்தான், பேசினானா, கேட்டானா என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

போயா நாட்களில் இப்போதும் கூடுகிறோம். அவன் கேக் சுட்டு வருகிறான். பாலத்தில் போகும் ரயில், மழையில் எல்லச் சந்தை, டொக்டரின் ஆஸ்பத்திரியில் அழும் பிள்ளைகள் என்று எதையாவது பதிந்து கொண்டுவருகிறான். வீடுகளைப் பதிவதில்லை. நான் கேட்கும்போது வலது காது மெத்தையைச் சற்று விலக்கி வைத்துக்கொள்கிறேன். டொக்டருக்கு அது பிடிப்பதில்லை.

"அப்பிடிக் கேட்டால் பாதிதானே வரும்?" என்பார்.

"பாதி போதும் டொக்டர்" என்பேன்.