ஓடும் நட்சத்திரம்

சேக்காட்டில் எங்கள் தெருவைப் பெருக்க வரும் அம்மா, ஒவ்வொரு வாசலையும் முடித்ததும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். ஒரு விடியற்காலையில், நடக்கக் கிளம்பிய என்னை நிறுத்தினார்.

"நச்சத்திரம் ஒண்ணு ஓடிகினு கீது, பாரு சார். சொன்னா என்னை லூசுன்றாளுங்க."

"அது பிளேன்மா."

"பிளேனுன்னா லைட்டு உட்டு உட்டு எரியும். இது அப்டியா எரியுது?"

இல்லைதான். போனில் தேடினேன். ஆட்கள் தங்கியிருக்கும் விண்வெளி நிலையம் அது. சொன்னதும், தெருமுனையில் பெருக்கிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துத் துடைப்பத்தை உயர்த்தினார்.

"ஏய், அதுல ஆளுங்களே கீறாங்களாம்டீ. இப்ப சொல்லுங்க, யாரு லூசு?"

பிறகு என்னிடம், "நாளைக்கு முக்கா மணி முன்னாடியே வந்துரும் சார், சீக்கிரம் எந்திரி" என்றார்.

போனைப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான் சொன்னது.