சால்வைக்குப் பிறகு வாசித்தது

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டை ஒட்டியிருக்கும் ஹாலின் சாவி என்னிடம்தான் இருக்கும். பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகம், நான்கு பேர் கொண்ட வாத்தியக் குழுவைத் தன்னிடமே தங்க வைத்திருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். நடுநடுவே வெளியூர்களில் வாசிப்பார்கள். போன மாசம் எங்கள் ஹாலுக்கு வந்தார்கள்.

காலையிலேயே வந்து வாசித்துப் பார்த்தார்கள். இரண்டு வயலின், அதைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா, தரையில் ஊன்றி வாசிக்கும் செல்லோ. தாளம் போட ஆளில்லை. முதல் வயலின்காரப் பெண் மூச்சை இழுப்பாள். நாலு வில்லும் ஒன்றாக இறங்கும். நான் நாற்காலிகளைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். மெதுவாகப் போகிற ஒரு பாட்டு. செல்லோ தனியாக மேலே ஏறும். ஓர் இடம் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஏதோ பேசுவார்கள், சிரிப்பார்கள், மறுபடி முதலிலிருந்து. ஒருவர் முகத்திலும் கோபமில்லை. ஆனால் அந்த இடத்தைத் தாண்டிப் போகவே இல்லை. அதற்குமேல் என்ன வரும் என்று சாயங்காலம் வரை எனக்கு அதே நினைப்பு.

சாயங்காலம் ஹால் நிறைந்தது. முதலில் வேகமாக ஒன்று வாசித்து வில்லை இறக்கினார்கள். எல்லோரும் கை தட்டினோம். முடிந்துவிட்டது என்று நினைத்த ஹால் கமிட்டித் தலைவர் மேடையேறி, நால்வருக்கும் சால்வை போட்டு, பழத்தட்டு கொடுத்து, நன்றி சொல்லவும் தொடங்கிவிட்டார். சிலர் வாசலில் செருப்புத் தேடினார்கள். காலையில் கேட்ட பாட்டு வரவே இல்லையே. கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. பக்கத்து வீட்டுக்காரியின் காதில் சொன்னேன்.

"இன்னும் பாட்டு கீது போல."

"இன்னாக்கா, எங் காதுல சொன்னா அவருக்குக் கேக்குமா?"

"நீயே சொல்லுமே."

அவள் எழுந்து நின்றாள். "தலைவரே, எறங்குங்க. இன்னும் பாட்டு கீதாம். பழத்த அவங்க அப்பால துன்னுவாங்க."

ஹாலே சிரித்தது. தலைவர் வயலின்காரப் பெண்ணைப் பார்த்தார். அவள் சிரித்தபடி தலையசைத்தாள். அவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார். நால்வரும் சால்வையைக் கழற்றவில்லை. வயலினையும் வயோலாவையும் அதன் மேலேயே வைத்துக்கொண்டார்கள். எவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளைகள்.

வயலின்காரப் பெண் மூச்சை இழுத்தாள். செல்லோ ஏறியது. அந்த இடத்தில் அது அடங்கிப்போக, மற்ற மூன்றும் அது விட்டதை எடுத்து, கைக்குழந்தையை இறக்குவதுபோல மெள்ளக் கீழே கொண்டுவந்தன.

வில்கள் இறங்கின. ஒருவரும் தட்டவில்லை. தலைவர் பக்கத்து வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப தட்டலாமா?"

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியாது. நான்தான் முதலில் தட்டினேன்.