வில்பிரட் சாரின் கிதாரும் என் மோட்டாரும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நாகர்கோவில் ஜங்ஷனில் திருவனந்தபுரம் பாசஞ்சரில் ஏறினோம். நானும் என் மகள் பவித்ராவும். டிக்கெட் ஆளுக்கு இருபது ரூபாய். தூரம் எழுபத்தொரு கிலோமீட்டர். எட்டாம் வகுப்புப் படிக்கும் பவித்ராவின் தோளில் எலெக்ட்ரிக் கிதார். என் மடியில் துண்டு சுற்றிய பழைய டேப் ரிக்கார்டர், அதற்குள் ஒரு கேசட்.

பிள்ளைகளே, திருவனந்தபுரம் என்றால் மிருகக்காட்சிச்சாலை உண்டு, கடற்கரை உண்டு. நாங்கள் இரண்டுக்கும் போகவில்லை. வில்பிரட் சார் என்று ஒருவர் அறுபதுகளில் கிதார் வாசித்தார். அவரை நினைத்துச் சிலர் கூடுகிற இடத்தில் பவித்ரா வாசிக்க வேண்டும். அதற்காகத்தான் போனோம். வில்பிரட் சார் இப்போது உயிரோடு இல்லை. அவர் முகத்தைக்கூட நாங்கள் பார்த்ததில்லை.

அவரை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு ரிப்பேர் கடையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே பெரிய சக்கரம் வைத்த ஒரு டேப் மெஷின் ரிப்பேருக்கு வந்தது. சரியாகிவிட்டதா என்று பார்க்க, அதில் இருந்ததை முதலாளி ஒரு கேசட்டில் பதிந்தார். 'வேணும்னா வச்சுக்கோடே' என்று என்னிடம் தூக்கிப் போட்டார். மேலே 'வில்பிரட், கிதார்' என்று மட்டும் எழுதியிருந்தது. கேசட் போட என்னிடம் மெஷின் கிடையாது. பழைய சாமான் கடையில் மோட்டார் போன ஒன்றை வாங்கி, கையில் கிடைத்த வேறொரு மோட்டாரை மாட்டினேன். ஓடியது. அன்று முதல் என்னிடம் இருக்கும் ஒரே கேசட் அதுதான்.

அதில் ஐந்து ராக் மெட்டுகள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு கனத்த குரல் 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' என்று எண்ணும். பிறகு கிதார். வேகமாக வாசிக்கிற ஆட்களை நீங்கள் போனில் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பீர்கள். இவர் அப்படி இல்லை. மற்றவர்கள் ஐந்து சுரம் வைக்கிற இடத்தில் மூன்றுதான் வைப்பார். அந்த மூன்றாவதையும் உடனே தர மாட்டார். வந்துவிடும் என்று நாம் நினைத்து, வரவில்லையே என்று நினைத்த பிறகுதான் வரும். சத்தமோ, பலாப்பழத்தை வெல்லம் போட்டு வரட்டும்போது கரண்டியில் பிடித்து இழுக்குமே, அந்தக் கெட்டி.

பவித்ரா தொட்டிலில் கிடந்தபோதே இதைக் கேட்டாள். பிறகு காதால் கேட்டே ஐந்தையும் வாசிக்கப் பழகினாள். கேசட்டோடு சேர வேண்டுமென்று ஆறு கம்பிகளையும் தளர்த்தி, சுருதியை இறக்கி வைத்துக்கொண்டாள். அவள் வாசித்ததை ஒருநாள் போனில் படம் பிடித்துப் போட்டோம். ஒரு வாரத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். 'நான் மணி பேசறேன். வில்பிரட்டோட பேஸ் கிதார் வாசிச்சவன். அந்தக் குழந்தையை அழைச்சிண்டு வாங்கோ. அவன் நினைவு நாளுக்கு அவ வாசிக்கணும்' என்றார்.

காலை 8.40. திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கி, பழவங்காடி வரை நடந்தோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம், ஒரு தேங்காய் நாற்பது ரூபாய். அங்கிருந்து ஆட்டோ. டிரைவர் தென்காசிக்காரர்.

"பாப்பா சினிமாவுக்கு வாசிக்கவா வந்திருக்கு?"

"இல்ல மாமா, ஒரு வீட்டுல."

"வீட்டுலயா? அதுக்கு எதுக்கு இம்புட்டு தூரம், உங்க வீட்டுலயே வாசிக்கலாம்லா?"

பவித்ரா சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். மீட்டரில் முப்பது ரூபாய்.

9.30. மணி சார் வீடு அக்கிரகாரத் தெருவில், நீளமான ஓட்டு வீடு. அவருக்கு எழுபத்தொன்பது வயது. நாலு கம்பி வைத்த பேஸ் கிதாரைச் சாய்வு நாற்காலியில் ஆளைப் போல உட்கார வைத்திருந்தார்.

"வாங்கோ, வாங்கோ. கச்சேரி நாலு மணிக்கு. முதல்ல காபி" என்றார். காபி ஆறுவதற்குள் பழைய கதை வந்துவிட்டது. அவர்கள் குழுவில் நாலு பேர். ஒருவரிடமும் சைக்கிள்கூடக் கிடையாது. அதனால் 'பெடஸ்ட்ரியன்ஸ்', அதாவது நடந்து போகிறவர்கள் என்றே பெயர் வைத்துக்கொண்டார்களாம்.

"இதை ஆத்துக்குள்ள கொண்டு வந்தப்போ எங்கப்பா, 'என்னடா இது?'ன்னார். வீணைன்னேன். 'நாலு தந்திதானேடா இருக்கு?'ன்னார். அப்படின்னா தம்புரான்னேன். விட்டுட்டார்."

பவித்ரா கேட்டாள்: "வில்பிரட் சார் சத்தம் மட்டும் எப்படி அவ்வளவு கனமா வரும் தாத்தா?"

மணி சார் மூலையிலிருந்த பழைய வால்வு ரேடியோவைக் காட்டினார். கிதாருக்கென்று தனிப் பெட்டி வாங்க அவர்களுக்கு வசதியில்லை. ரேடியோவின் பின்னால் ரிக்கார்டு பிளேயர் மாட்டுவதற்கு ஒரு துளை உண்டு. வில்பிரட் சார் கிதாரை அதில் சொருகி, ரேடியோவை முழுச் சத்தத்தில் வைப்பார். தாங்க முடியாமல் அது கரகரக்கும். சுண்டுவிரலால் கிதாரின் குமிழைத் திருகித் திருகி, அந்தக் கரகரப்பை வேண்டிய இடத்தில் மட்டும் விடுவார்.

"எங்க குழுவுல பாடினவனை இந்த ஊர்ல இன்னிக்கும் நாலு பேருக்குத் தெரியும். இவனை யாருக்குத் தெரியும்? கேட்டேளா, பாட்டு நிலைச்சு நின்னதெல்லாம் இவனாலதான்."

11 மணி. வில்பிரட் சாரின் மனைவி லில்லி அம்மா வந்தார். கையில் கணவரின் போட்டோ. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆனது. அந்தக் கனத்த குரலுக்கு நான் மனதில் வைத்திருந்தவர் வாட்டசாட்டமான ஆள். போட்டோவில் இருந்தவரோ ஒல்லி. சட்டைக் காலருக்குள் கழுத்தே தனியாகத் தெரிந்தது.

லில்லி அம்மா கேட்கட்டும் என்று கேசட்டைப் போட்டேன். 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்.' அந்த அம்மாவின் முகம் மாறியது. முழு மெட்டையும் கேட்டு முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இது வில்பிரட் அல்ல, மோளே. இது வேற ஆரோ."

பவித்ரா என்னைப் பார்த்தாள். வேறு யாரோ ஒருவரின் வாசிப்பைத்தான் நாங்கள் இத்தனை வருஷமும் கும்பிட்டுக்கொண்டிருந்தோமா?

மணி சாருக்கும் குழப்பம். "குழந்தை வாசிச்சதைப் போன்ல கேட்டப்பவே என்னமோ வித்தியாசமா இருந்தது. போனோட குத்தம்னு விட்டுட்டேன்." மகன் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்த அதே மெட்டைப் போட்டார். 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்.' மெல்லிய, கொஞ்சம் கீச்சென்ற குரல். பிறகு அதே மெட்டு. ஆனால் இரண்டு ஃப்ரெட், அதாவது கிதார் கழுத்தில் இரண்டு கட்டம், மேலே, துள்ளலாக. வரட்டிய பலாப்பழமாக இருந்தது பலாச்சுளை வறுவலாக மொறுமொறுத்தது.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நான் மாட்டிய மோட்டார்! அது வேறு மெஷினுக்கானது, சுற்று குறைவு. டேப் மெதுவாக ஓடினால் மெட்டும் மெதுவாகும், குரலும் கனக்கும். முதுகில் சின்னத் துளை இருக்கும், உள்ளே திருகினால் வேகம் கூடும். நான் அதைத் தொட்டதே இல்லை. ஊரில் எத்தனை பேருடைய மோட்டாருக்கு வேகம் பார்த்துக் கொடுத்திருப்பேன்! என்னுடையதைப் பார்க்கவில்லை.

சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது? மணி சார் வாய்விட்டுச் சிரித்தார். பவித்ரா சிரிக்கவில்லை.

"அப்போ நான் படிச்சது எல்லாம் தப்பாப்பா?"

"நீ தப்பில்ல மக்களே. நான்தான் தப்பு."

"வீட்டுக்குப் போவோம்."

கம்பிகளை ஏற்றிச் சரியான வேகத்தில் வாசித்துப் பார்த்தாள். மூன்றாவது வரியில் விரல் சிக்கியது. திரும்பவும் சிக்கியது. நாலு மணிக்குள் நடக்கிற காரியமா? கிதாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். மதியம் இலையில் வைத்த அவியலையும் தொடவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மணி சார் கம்ப்யூட்டரில் அதே மெட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். பவித்ரா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், திடீரென்று திரும்பினாள்.

"தாத்தா, நிறுத்துங்க. இங்க அவரு கம்பியைத் தள்ளி மேல கொண்டு போறாருல்லா? அப்படியே விடல. பாதி கீழ இறக்கிட்டுத்தான் அடுத்ததுக்குப் போறாரு."

"இல்லையே. நேராத்தான் போவான்."

"இல்ல தாத்தா, இறங்குது."

என் டேப் ரிக்கார்டரில் போட்டோம். மெதுவாக ஓடியதில் தெளிவாகக் கேட்டது. கண் இமைக்கிற நேரத்துக்கு ஓர் இறக்கம். மணி சார் நாலு தடவை கேட்டார்.

"பதினோரு வருஷம் அவன் பக்கத்துல நின்னு வாசிச்சேன். இது எனக்குத் தெரியாது." கேசட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அவனும் இப்படித்தான் கத்துண்டான். வேகமா சுத்தற ரிக்கார்டை மெதுவா சுத்தவிட்டு, காதை ஒட்ட வச்சிண்டு. உங்கப்பா தெரியாம பண்ணினதை அவன் தெரிஞ்சு பண்ணினான்."

பிறகு பேஸ் கிதாரை மடியில் எடுத்து வைத்து, திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்த ஆரம்பித்தார். "நீ மேல வர வேண்டாம். நான் கீழ எறங்கறேன். உன் வேகத்துலயே வாசி."

பவித்ரா அவர் விரல்களைப் பார்த்தாள். கொஞ்சம் கழித்து ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது.

மாலை 4 மணி. கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். பழைய வால்வு ரேடியோவின் வயர்களை நான் சோதித்து, பவித்ராவின் கிதாரை அதில் மாட்டினேன். வால்வு சூடாகி, தூசி காய்கிற வாசம் வந்தது. கிதார் பேசத் தொடங்கியது. இரண்டாவது வரியில் சுண்டுவிரல் குமிழுக்குப் போனது. ரேடியோ கரகரத்தது. அந்த மூன்றாவது சுரத்துக்கு அவள் காத்திருந்தபோது கூடமே காத்திருந்தது. மணி சார் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். பவித்ரா லில்லி அம்மாவை மட்டும் பார்த்தாள். அந்த அம்மா எழுந்து வந்து அவள் விரல்நுனிகளைத் தொட்டுப் பார்த்தார். காய்த்துப் போயிருந்தன.

"இது வில்பிரட் அல்ல" என்றார் மறுபடியும். "வில்பிரட்டுக்கு எப்பவும் திருதி, எங்கயோ ஓடணும்னு. நீ நிக்கறே. எனிக்கு இதும் வேணும். அடுத்த வருஷமும் வரணும், கேட்டோ."

பவித்ரா தலையாட்டினாள். பிறகு, "பாட்டிக்கு அவரு எண்ணுறதை இன்னொரு தடவை போடுங்க தாத்தா" என்றாள். மணி சார் கம்ப்யூட்டரில் போட்டார். அந்தக் கீச்சுக் குரல் எண்ணியது. லில்லி அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

ஆறு மணி சொச்சத்துக்கு ரயில். நேமம் தாண்டும்போது பவித்ரா கேட்டாள்: "அப்பா, ரெண்டு வேகத்துலயும் ஒண்ணு மட்டும் மாறல, பாத்தீங்களா?"

"என்னது?"

"அவரு வாசிக்காம நிக்கிற இடம்."

அவள் அவியலை விட்டதற்குச் சேர்த்து, பாறசாலையில் மூன்று பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, தின்றாள். ஒன்று பன்னிரண்டு ரூபாய்.

மறுநாள் காலை கடையில் டேப் ரிக்கார்டரைத் திறந்து, மோட்டாரின் முதுகிலிருந்த துளைக்குள் ஊசித் திருப்புளியை விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். கனத்த குரல் மெலிந்து மெலிந்து, போட்டோவில் இருந்த அந்த ஒல்லி மனிதரின் குரலானது. பள்ளிக்கூடம் கிளம்பிய பவித்ரா வாசலில் நின்று கேட்டாள். பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து, திருகு நின்ற இடத்துக்கு நேரே மோட்டாரில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள்.

"இது வில்பிரட் சார். இப்போ பழைய இடத்துக்குத் திருப்புங்க."

திருப்பினேன். அங்கேயும் ஒரு புள்ளி வைத்தாள். அது யார் என்று அவள் சொல்லவில்லை.